கம்பம்மெட்டு ரவுட்டரில் காணாமல் போன வரி

“செவ்வாய், காலை 10.40. கம்பம்மெட்டு லேபிலிருந்து ரிப்போர்ட் வரவில்லை. பிங் போகிறது. பணியாளரின் அலட்சியம்.” சித்தூர் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் பதிவேட்டிலிருந்து இதை அப்படியே என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ரிப்போர்ட் வராததும், ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் சோதனைக்குப் பதில் வந்ததுமான முதல் இரண்டு வாக்கியமும் உண்மை. மூன்றாவதைப் படித்தால் இன்றும் எரிகிறது.

அந்த ஆஸ்பத்திரியின் மலைக் கிளினிக்குகளில் நெட்வொர்க் பார்ப்பவன் நான். மலைப்பக்கம் ரவுட்டர்கள் ஓஎஸ்பிஎஃப் முறையில் பாதை சொல்லிக்கொள்ளும். மலைக்கும் சித்தூருக்கும் நடுவே பிஜிபி என்ற வேறு முறை. ஒன்றில் தெரிந்ததை இன்னொன்றுக்குக் கடத்தும் ரவுட்டர், கம்பம்மெட்டு லேப் அலமாரியின் மேல் இருக்கிறது.

அன்று மதியம் நான் அங்கே போனபோது லேப் பார்க்கும் பெண் ஆபீசிலிருந்து வந்த மெமோவை நீட்டினார். “மூணு நாளா அனுப்புறேண்ணே, சுத்திக்கிட்டே கெடக்கு. நாளைக்குள்ள பதில் குடுக்கலைன்னா வேலைக்கு வர வேண்டாமாம்.”

பதிவேட்டில் அதை எழுதிய சித்தூர் இன்ஜினியரை போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏனுங்க, காந்தலூர் கிளினிக்கு ரிப்போர்ட்டு அதே ரவுட்டர் வழியாத்தானுங்க வருது. பிங்கும் போகுது. அந்தம்மாவ ஒழுங்கா வேலை செய்யச் சொல்லுங்க.”

“இவருக்கு ஒரு ஊசி போட்டு பிங் போகுதான்னு பாக்கட்டாண்ணே?” என்றார் அந்தப் பெண்.

சித்தூர் ரவுட்டரின் பாதைப் பட்டியலை வாசிக்கச் சொன்னேன். காந்தலூர் இருந்தது. கம்பம்மெட்டு லேப் இல்லை. கம்பம்மெட்டு ரவுட்டரைத் திறந்து பார்த்தேன்.

சனிக்கிழமை இன்ஜினியர் சித்தூர் ரவுட்டரின் செட்டிங்கை அப்படியே இங்கே ஒட்டியிருக்கிறார். அங்கே ஆஸ்பத்திரிக்குள் எல்லா இணைப்பும் ஓஎஸ்பிஎஃப்பிலேயே உண்டு. அதைக் கடத்தினால் போதும். இங்கே லேப் நேராக ரவுட்டரில் செருகியது, ஓஎஸ்பிஎஃப்பில் சேராதது. அதைக் கடத்த ‘ரீடிஸ்ட்ரிபியூட் கனெக்டட்’ என்று நான் போட்டிருந்த தனி வரி போய்விட்டது. அனுப்பியது சித்தூர் சேர்ந்தது. ‘கிடைத்தது’ என்ற பதில் திரும்பத்தான் வழியில்லை, அதனால் ரிப்போர்ட் முழுதாகப் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பிங்குக்குப் பதில் சொன்னது ரவுட்டரின் சித்தூர்ப் பக்கத்து முகவரி. லேப் முகவரியை அவர் ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை. மெமோவுக்கு மட்டும் ஆள் காட்டிவிட்டார்!

வரியைப் போட்டேன். தேங்கிக் கிடந்த ரிப்போர்ட்டெல்லாம் போய்ச் சேர்ந்தது.

“அப்ப மெமோ?” என்றார் அந்தப் பெண்.

“அது ஆபீஸ் விஷயமுங்க, நம்முது இல்லீங்க,” என்றது ஸ்பீக்கர்.

பதிவேட்டில் “சரியாகிவிட்டது” என்று மட்டும் ஏறியது. ‘அலட்சியம்’ அடிக்கப்படாமல் மேலேயே நிற்கிறது. அந்தப் பெண் இன்னும் வேலையில் இருக்கிறார். மெமோவை ரத்து செய்து கடிதம் போட்டதாக ஆபீசில் வாயால் சொன்னார்கள். அந்தக் கடிதம் அவர் கைக்கு வரவில்லை, நானும் பார்க்கவில்லை. அப்படி ஒரு கடிதம் உண்டா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.