கோயிலில் வைத்த சொல் கொப்பி

நமுனுகுல மலைச்சரிவில் இருபது வருசம் தேயிலைக் கொழுந்து பறித்ததில் என் முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி அதிக நாள் ஏற்றம் ஏற முடியாது. எங்கள் தோட்டத்துப் பழைய பங்களாவை வெளிநாட்டார் தங்கும் விடுதியாக்கியபோது, அவர்களுக்குத் தேயிலையைப் பற்றி இங்கிலீசில் சொல்ல ஓர் ஆள் தேடினார்கள். போனேன். விடுதி மேடம் ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுத்து, எப்படி என்று கேட்டார். "குட்" என்றேன். மணம்? "குட்." நிறம்? "வெரி குட்."

"எல்லாத்துக்கும் ஒரே சொல்லா? படிச்சு வைங்க, திரும்பக் கூப்பிடுறேன்" என்றார்.

சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பதுளை டவுனில் பழைய ஆங்கில அகராதி ஒன்று வாங்கினேன். விளக்கு வைத்துக் கும்பிட்டபின் தினமும் மூன்று சொல்லை நோட்டுக் கொப்பியில் எழுதினேன். முதலில் பொருள், பக்கத்தில் அதே பொருள் தரும் வேறு சொற்கள். ஃப்ரேக்ரன்ட் என்றால் இனிய மணமுள்ளது. அதற்குச் சொந்தக்காரர்கள் அரோமேட்டிக், சென்டட். ஐந்து மாதத்தில் கொப்பி நிறைந்தது.

நவராத்திரி வந்தது. பிள்ளைகளின் புத்தகங்களோடு என் கொப்பியையும் அகராதியையும் தோட்டத்துக் கோயிலில் சரஸ்வதி அம்மாளின் பாதத்தில் வைத்தேன். விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது. மறுநாள் காலையே மேடம் போன் பண்ணினார்: "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க." விஜயதசமிக்கோ இன்னும் இரண்டு நாள்.

"சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. போயி எடுத்துட்டு வா புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"குடுத்ததப் புடுங்கச் சொல்றீங்களா?" என்றேன்.

நினைவில் இருப்பதைச் சொல்ல யாரும் தடுக்கவில்லையே. மலையில் கொழுந்து பறித்தபடியே வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். பக்கத்து நிரையிலிருந்த அக்கா சிரித்தாள்.

"என்னாடி, கொழுந்துக்குப் பாடம் எடுக்கிறியா? பாத்து, அது பாஸ் பண்ணி பங்களாவுக்குப் போயிரப் போவுது!"

"போறது நான்தாங்கா" என்று அடுத்த சொல்லுக்குப் போனேன். சில வந்தன, பல வரவில்லை. வராததை விட்டுவிட்டு வந்ததையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

மறுநாள் மேடம் மறுபடி கோப்பையை நீட்டினார். "இப்ப குட் சொல்லாம சொல்லுங்க." மணத்துக்குச் சொல் வந்தது. நிறத்துக்கும் வந்தது. சுவைக்கு வைத்திருந்த சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. தாயே என்று மனதுக்குள் கூப்பிட்டேன். சொல் வரவில்லை; அதற்கு எதிரே நான் எழுதியிருந்த பொருள் வந்தது. விழுங்கிய பிறகும் வாயை விட்டுப் போக மனமில்லாமல் நிற்கிற ருசி என்று சின்னச் சின்ன இங்கிலீசுச் சொற்களாக அடுக்கினேன்.

மேடம் இன்னொரு மிடறு குடித்துப் பார்த்தார். "திங்கக்கெழம வேலைக்கு வாங்க."

பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய்க் கங்காணியிடம் விசயத்தைச் சொன்னேன்.

"நாளு பூரா இங்கிலீசா பேசப் போற?" என்று வாயைப் பிளந்தார்.

"ஆமாங்க. இன்னும் நெறைய சொல்லு படிக்கணும்" என்றேன்.