ஒத்தீலியாவுக்கு மூன்று சாட்சிகள்

சாக்டித்சே கோட்டையைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு ஒன்பது கோடைகாலமாகச் சீமாட்டி வேஷம் போட்டவள் ஒத்தீலியா. நானூறு வருஷத்துக்கு முன்னால் வேலைக்காரப் பெண்களைக் கொன்றாள் என்று பழி சுமந்து, அந்தக் கோட்டைக்குள்ளேயே அடைபட்டுச் செத்தாளே, அந்தச் சீமாட்டி. "வாடி இங்க!" என்று ஒத்தீலியா ஓர் அதட்டல் போட்டால் பஸ்ஸில் வந்தவர்கள் கூச்சலிட்டுச் சிரிப்பார்கள். சுவருக்குப் பின்னால் நின்று அந்தப் பெண்களாக அலறுவது என் வேலை.

மற்ற மாதங்களில் அவள் ஊரிலுள்ள வயதானவர்களைப் பார்த்துக்கொள்வாள். குளிப்பாட்டுவாள், சூப் ஊட்டுவாள், கால் நகம் வெட்டுவாள். கடைசியாகப் பார்த்துக்கொண்டது அம்ப்ரோஸ் கிழவரை. மருந்துக் கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்கிற மனிதர்.

அவருக்கு அவள் மருந்து கொடுப்பதை நான் சாராயக் கடையில் நடித்துக் காட்டினேன். கோட்டையில் அவள் பேசுகிற அதே தோரணையில்: "குடிடா கிழவா! இதுதான் உனக்குக் கடைசி மடக்கு!" மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். இன்னொரு தடவை கேட்டார்கள். செய்தேன்.

பிப்ரவரியில் கிழவர் செத்துப்போனார். அவள்தான் மருந்தில் எதையோ கலந்து கொன்றுவிட்டாள் என்று மகன் போலீசுக்குப் போனான். பின்னாலேயே மூன்று பேர் போய், "கடைசி மடக்குன்னு அவ சொன்னத எங் காதால கேட்டேன்" என்று எழுதிக் கொடுத்தார்கள். பொய் சொல்கிறோம் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். எங்கே கேட்டோம் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

நான் அவள் வீட்டுக்குப் போனபோது ஒத்தீலியா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"சீமாட்டிக்கு முந்நூறு பேரு சாட்சி சொன்னானுங்க, கோர்னெல். எனக்கு வெறும் மூணு. கஞ்சப் பசங்க."

"அத்தை, அது நான்தான். கடையில உங்க கொரல்ல..."

கத்தி நின்றது. "எங்க, சொல்லிக் காட்டு."

"வேணாம் அத்தை."

"சொல்லுடா."

சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நானே சொல்லியிருப்பனோன்னு தோணுதேடா."

மறுநாள் காலையில் போலீஸ் நிலையத்தில் என்னை அதே குரலில் மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். பக்கத்து அறைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார்கள். இதயம் நின்றுதான் கிழவர் செத்தார் என்று டாக்டரும் எழுதினார். ஆறு வாரம் கழித்து, அவள் மேல் குற்றமில்லை என்று கடிதம் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஒத்தீலியா, எப்போதும் தன்னை வேலைக்குக் கூப்பிடுகிற ஹெட்விகா அம்மாள் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது.

"இப்ப எம் மகளே என்னப் பாத்துக்குறா, ஒத்தீலியா."

அந்த அம்மாளுக்குப் பிள்ளையே கிடையாது.

இன்னும் நான்கு வீடுகளில் கதவு திறக்கவே இல்லை. தெருமுனையில் கோட்டைக்கு ஆள் கூட்டி வருகிற ராதோவான் ஓடி வந்தான்.

"எங்கெல்லாம் தேடுறது உன்ன! மே மாசம் பூராவும் டிக்கெட் தீந்துருச்சு. பதினோரு பஸ். எல்லாரும் உன்னத்தான் பாக்கணுமாம்."

"என்னையா, அவளையா?"

அவன் சிரித்தான்.

ஒத்தீலியா கடிதத்தை நான்காக மடித்தாள். "மே மாசம் வர்றேன்" என்றாள். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.