வேலியோரத்து முறிகூட்டி

தொண்ணூறுகளில் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில், மூலிகைச் சாறுகள் கிருமிகளைக் கொல்கின்றனவா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். செடி தேடிப் பாறசாலை ஊர்களுக்குப் போக எப்போதும் ஒரே ஆட்டோதான். அதை ஓட்டியவர் பக்கத்தில் கொல்லயில் என்ற ஊர்க்காரர். நரைத்த மீசை, சலவை மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. நான் பறித்த இலைகளைத் தம் துண்டை நனைத்துச் சுற்றி வைத்த பிறகே வண்டியை எடுப்பார்.

ஒருநாள் அவரே தம் வீட்டு வேலியிலிருந்து முறிகூட்டி கொண்டுவந்தார். புண்ணில் அரைத்துக் கட்டுகிற இலை. “இதையும் ஒண்ணு பாரும் மக்களே” என்றார்.

மறுவாரம் முடிவு கேட்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டைக் காட்டினேன். மற்ற சாறுகளைச் சுற்றிக் கிருமிகள் செத்திருந்தன. முறிகூட்டியைச் சுற்றி மட்டும் அடர்ந்து வளர்ந்திருந்தன.

“ஒண்ணும் சாவல்ல, இல்லியா?”

அவர் முகம் வாடியதைக் கண்டு, “தட்டு வேற, மனுச உடம்பு வேறயில்லா அண்ணே” என்றேன்.

“உடம்பிலயும் பாத்ததாக்கும். எனக்க மொவ காலில ஆணி குத்தினப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாம இதத்தான் அரைச்சுக் கெட்டினேன். அவ போயிட்டா. எல நல்லதுண்ணு நீங்க சொல்லியிருந்தா, அவளுக்க விதிண்ணு இருந்திருப்பேன்.”

மறுபடி சோதிக்கிறேன் என்று என்னவோ உளறினேன்.

“வேண்டாம் மக்களே. நாளைக்கு கள்ளிக்காடு போணும்லா, காலத்தே வாறேன்” என்று படியிறங்கிப் போனார்.

அவர் வண்டியில் நாளை எப்படி ஏறி உட்காருவேன் என்று தெரியாமல், தட்டைப் பிடித்தபடியே நின்றேன்.