அத்தானும் வாசலில் கிடந்த சப்பாத்துகளும்

“…என் அம்மாவுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அங்கேதான். அப்பாவைக் கொண்டுபோகத்தான் வந்தேன்” என்று அத்தானின் முதல் தாரத்து மகன், மெல்பேர்னின் கிளென் வேவர்லியில் இருக்கும் அக்கா வீட்டில் வைத்து ஆங்கிலத்தில் சொன்னார். அத்தான் காலமான செய்தி கேட்டு, இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய கையோடு வீட்டுக்கு வந்திருந்தார். தந்தைக்கும் மகனுக்கும் கோபதாபம் ஒன்றுமில்லை, பேச்சுத்தான் குறைவு.

அந்தக் குடும்பக் கல்லறையில் எங்கள் அக்காவுக்கு இடமில்லை. “முதலில் தேநீர் குடியுங்கள்” என்று அவரிடம் சொல்லிவிட்டுக் குசினிக்குள் வந்த அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, அவரைக் கொண்டுபோனா நான் எங்கை போய் ஒரு பூ வைக்கிறது?”

அத்தான் பிறந்தது வட இங்கிலாந்தில், எந்த அறையில் பிறந்தார் என்று அவருக்கே நிச்சயமில்லாத அளவு பெரிய வீட்டில். பரம்பரைப் பட்டம், கண்ணுக்கெட்டிய தூரம் காணி. அப்படிப்பட்டவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். சிறுவயதிலேயே விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்பும் அவரைத் தூக்கிக் கொஞ்சியவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்களே.

வேலைக்காரர் மினுக்கிய சப்பாத்தைப் போட்டு வளர்ந்தவர், தன் சப்பாத்தைத் தானே மினுக்கப் பழகியது இராணுவத்தில். தூரதேசத்துச் சண்டையில் காலில் ஏறிய இரும்புத்துண்டு கடைசிவரை கூடவே இருந்தது. விமான நிலையங்களில் அது அவரைக் காட்டிக்கொடுக்கும்.

தந்தைக்குப் பிறகு பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் அமர்ந்தார். வெளிநாட்டவர் வருகையை இறுக்கும் சட்டமொன்றுக்கு ஆதரவாக வாக்களித்தவர் அவர். அதை மறைத்ததேயில்லை, கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். அக்கா விடுவாரா? “என்னை உள்ளை விடாதேங்கோ எண்டு கை உயர்த்தினவர், இப்ப என்ர குசினிக்குள்ளை நிண்டு வெங்காயம் உரிக்கிறார்” என்பார். “ஓம், ஓம்” என்று தலையாட்டியபடி அத்தான் அடுத்த வெங்காயத்தை எடுப்பார்.

முதல் மனைவியை இழந்து, கால் சத்திரசிகிச்சைக்காக லண்டன் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில், அங்கே தாதியாக இருந்த அக்காவைச் சந்தித்தார். பட்டம் சொல்லாமல் தன்னை அதட்டிய முதல் ஆள் அவர்தான் என்று எங்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. அக்கா ஓய்வுபெற்றதும் பெரிய வீட்டை மகனிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் இருக்கும் மெல்பேர்னுக்கு வந்தார்கள். கிளென் வேவர்லியோடு ரயில் பாதை முடிகிறது. “ரயில் முடிகிற இடம், இதற்குப் பிறகு எங்கே போவது?” என்று அத்தான் சிரிப்பார்.

எங்கள் வீடுகளில் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தானே உள்ளே வருவோம். அத்தானுக்கு அது புதையல். வந்தவர்கள் சாப்பிட்டுக் கதைத்துக்கொண்டிருக்க, அவர் வாசலில் குட்டிக் கதிரையைப் போட்டு, ஒவ்வொரு சோடியாக மினுக்குவார். “ஐயோ அங்கிள், விடுங்கோ” என்று பறித்தவர்கள் எல்லோரும் தோற்றார்கள். துணிச் சப்பாத்தோடு வந்த இளசுகளை மட்டும் கவலையோடு பார்ப்பார். பிறகு பிறகு, நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள் பார்த்து வருகிற பிள்ளைகளும் உண்டு.

கடைசி வருடம் மூச்சிழுப்பு அவரை மிகவும் படுத்தியது. ஒரு பகல், யன்னலோரத்து வெயிலில் சாய்ந்திருந்தவர், அக்கா கஞ்சி எடுத்துவரப் போன நேரத்தில் அடங்கிவிட்டார். அழுதோம். இனி அந்த இழுப்பு அவருக்கு இல்லை என்று நெஞ்சு இலேசானதும் உண்மை.

இரவு பகல் பாராமல் வந்த தாதியருக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், கிரியைகளைப் பொறுமையாக நடத்தித் தந்த குருக்களுக்கும், தூரம் பாராமல் வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொரு நன்றி மிச்சம் இருக்கிறது. அது அத்தானின் மகனுக்கு.

தேநீர் குடித்துவிட்டு, காற்று வாங்க அவர் வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். துக்கத்துக்கு வந்தவர்களின் சப்பாத்துகள் புழுதியோடு குவிந்து கிடந்தன. நகரின் மறுபக்கத்து வெரிபீயிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர், அகதியாக வந்து இப்போது நல்ல வேலையில் இருப்பவர், அந்தக் குவியலில் தன் சோடியைக் காட்டி, அங்கிள் மினுக்கித் தந்த சப்பாத்தோடுதான் அந்த வேலை கிடைத்தது என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னார்.

மகன் குனிந்து அந்தச் சப்பாத்துகளைப் பார்த்தார். “என்னுடையதை அவர் மினுக்கியதாக ஞாபகமில்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு உள்ளே வந்து, அக்காவுக்கு முன்னால் தரையில் குந்தினார். “அவர் இங்கே தனியாக இருந்தார் என்று நினைத்திருந்தேன். அவர் உங்களோடேயே இருக்கட்டும். மகன் என்ன செய்யவேண்டும் என்று சொல்லித் தாருங்கள், செய்கிறேன்.”

அக்கா அவர் தலையில் கை வைத்தார். “காலமை குருக்கள் வருவார், சொல்லித் தருவார்” என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தேன்.

காலைவரை அவர் சும்மா இருக்கவில்லை. வாசலுக்குத் திரும்பிப் போய், கோட்டைக் கழற்றிப் படிக்கட்டுக் கைப்பிடியில் போட்டுவிட்டு, அத்தானின் குட்டிக் கதிரையில் அமர்ந்தார். பொலிஷ் தகரத்தைத் திறந்து, பிரஷை அதில் தேய்த்து, முன்னால் கிடந்த சோடியைக் கையில் எடுத்தார். அவை என்னுடையவை.