ஹெக்டர் கலைக்க மறந்த கற்கள்

சேற்று நிலமும் குட்டைப் புதர்களும் மட்டுமே பரந்து கிடக்கும் கேத்னெஸ் வட்டாரத்து வெளியில், பக்கத்தில் ஒரு குன்றுகூட இல்லாமல் தனியாக நிற்கிறது பென் டோரக் மலை. அடிவாரத்தில் இருக்கும் ஒரே வீடு ஹெக்டர் மாத்தசனுடையது. அந்த மலைக்குச் சொந்தக்காரர்களான எஸ்டேட்டுக்காக மான் சுடுவது அவர் வேலை. உச்சிக்குப் போகும் ஓடைக்கரை, கிழக்கு முகடு, நேர்ச்சரிவு என்ற மூன்று வழியும் அவருக்கு அத்துப்படி. பேச்சில்தான் மகா கஞ்சர்.

மான் விழுந்த இடத்தில் நாலு கல்லை அடுக்கிவிட்டு வருவார். குதிரைக்காரன் அந்த அடையாளத்தை வைத்து மானை ஏற்றிவருவான். அப்புறம் கற்களைக் கலைத்துவிட வேண்டும். இல்லையென்றால், பாதைக்கும் அதே அடையாளம் என்பதால், மலையேறுகிறவர்கள் அதுதான் வழி என்று நம்பி, வழக்கப்படி தாங்களும் ஒரு கல்லை வைத்துவிட்டு மேலே நடப்பார்கள்.

அன்று மதியம் மூடுபனி இறங்கியது. கிளாஸ்கோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள் கிர்ஸ்டி காலையிலேயே கிழக்கு முகட்டில் ஏறப் போயிருந்தாள். சூப் குடித்துக்கொண்டிருந்த ஹெக்டரின் கை பாதியில் நின்றது.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிற?" என்றாள் மனைவி ஜெசி.

"நேத்து மான் விழுந்தது கிழக்குப் பாறை விளிம்புல. மழையில கல்லைக் கலைக்காம வந்துட்டேன்."

ஜெசி அவர் கோட்டை எடுத்து நீட்டினாள்.

"இன்னும் ஏன் உக்காந்திருக்க? ஓடு!"

ஓடினார். பனியில் தன் பூட்ஸே தெரியவில்லை. கடைசியில் கற்குவியல் கண்ணில் பட்டது. அதன் உச்சியில், மண் காயாத புதுக்கல் ஒன்று. அவர் வைத்ததல்ல. அதற்கு அப்பால் தரையே கிடையாது.

"கிர்ஸ்டி!" குரல் உடைந்தது.

"கத்தாதப்பா. இங்கதான் இருக்கேன்."

பாறை மறைவில் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கல்ல வச்சுட்டு ரெண்டடி போயிட்டேன். ஊன்றின தடி கீழ தட்டல. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். இவ்ளோ கோணலா உன்னைத் தவிர யாரு அடுக்குவா? எப்படியும் கலைக்க வருவேன்னு உக்காந்துட்டேன்."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஹெக்டர் மண்டியிட்டுத் தன் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வீசினார். மகள் வைத்த கல்லை மட்டும் வீசவில்லை. கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்தபடி கீழே இறங்கினார்.