கால் ஊனாமல்

எங்க பக்கத்துல மலைன்னு சொன்னா, அடிவாரத்துல நின்னு தலையத் தூக்குனாலே உச்சி தெரியணும். விராலிமலையும் அப்படித்தான், குடுமியான்மலையும் அப்படித்தான். ஒரு பாறை, ஒரு கோயில், அம்புட்டுத்தான் மலை. அந்த நெனப்புலதான் மொதத் தடவை பச்சமலைக்கு சைக்கிள்ல போறப்ப நான் ஒரு தண்ணி பாட்டிலும் நாலு இட்லியும் மட்டும் எடுத்துக்கிட்டுக் கெளம்புனேன். காலையில ஏறுனா மத்தியானச் சோத்துக்குக் கீழ வந்துறலாம்னு கணக்கு. எங்க வீட்டுக்காரரு அதுக்கும் மேல, இட்லியே எதுக்குன்னாரு.

அவரு கண்ண மூடி ரெண்டு மழைக்காலம் போயிருச்சு. இப்பவும் அந்த இட்லிய நெனச்சா சிரிப்பு வருது.

கல்யாணம் ஆன மறு வருசமே அவரு வெளிநாடு போயிட்டாரு. பளிங்குக் கல்லு அறுக்குற எடத்துல வேலை. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வருவாரு, சூட்கேஸ் முழுசாக் காலியாகுறதுக்குள்ள திரும்பிருவாரு. இங்க நான் சத்துணவு அமைப்பாளர், புள்ளைங்க என்னைய சோறு டீச்சர்னு கூப்பிடும். மக படிச்சு, ஆஸ்டல் போயி, வேலைக்கும் போனதுக்கப்புறம்தான் அவரு மொத்தமா ஊருக்கு வந்து சேந்தாரு. வந்தவருக்கு எங்கிட்டுக் கரண்டி இருக்குன்னு தெரியாது. எனக்கு, அவருக்குக் காபியில சீனி எவ்வளவுன்னு தெரியாது. ஒரே வீட்டுல வாடகைக்கு வந்த ரெண்டு பேரு மாதிரி இருந்தோம்.

ஒரு நாள் திருச்சி போயிட்டு கியர் வச்ச சைக்கிள் ரெண்டோட வந்து எறங்குனாரு. "இத்தன வருசமா மணலையும் கல்லுத் தூசியையுமே பாத்துட்டேன். இனிமே மரம் பாக்கணும். நீயும் வா"ன்னாரு. ஐம்பதை நெருங்குற பொம்பளைய சுடிதார் போட்டு சைக்கிள் ஏறச் சொன்னா ஊரு சும்மா இருக்குமா? ரெண்டு நாளு பேசுச்சு, அப்புறம் அதுக்கு வேற வேலை வந்துருச்சு. நான் போனேன். எனக்கும் இந்த மனுசனோட எங்கிட்டாச்சும் போகணும்னு இருந்துச்சு.

மாசம் ஒருக்க சைக்கிள்களக் குட்டியானை வேன்ல ஏத்தித் துறையூர் வரைக்கும் போவோம், அங்கிருந்து மிதிப்போம். அந்த மலை ரோட்டுல காலையில வண்டியே வராது. நம்ம செயின் சத்தமும் மூங்கில் உரசுற சத்தமுந்தான். ஏத்தத்துல நான் முன்னால, அவரு பின்னால. ஒவ்வொரு வளைவுலயும் உச்சி வந்துருச்சான்னு பாப்பேன். வளைஞ்சா இன்னொரு ரோடு மேல போயிக்கிட்டே இருக்கும். "இன்னும் எம்புட்டுங்க?"ன்னு கேட்டா, பின்னாலருந்து, "இந்த வளைவுதான்"ம்பாரு. நெசமாவான்னா நெசமாத்தான்ம்பாரு. பொய்யின்னு தெரியும். இருந்தாலும் மிதிப்பேன்.

மொதத் தடவை பாதியில நான் தெணறுறதப் பாத்துட்டு முதுகுல கைய வச்சுத் தள்ளுனாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "கைய எடுங்க. தள்ளி விடுறதுக்கு நான் என்ன நின்னு போன பஸ்ஸா?"ன்னு கத்திட்டு எறங்கி, சைக்கிளத் திருப்பி, கீழ் வளைவு வரைக்கும் போயி, அங்கருந்து மறுபடியும் ஏறுனேன். அவரு ரோட்டுல உக்காந்து வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. அன்னையிலருந்து அது எங்களுக்குச் சட்டமாப் போச்சு. தள்ளுனாலும் சரி, காலத் தரையில ஊனுனாலும் சரி, கீழ் வளைவுக்குப் போயித் திரும்பவும் ஏறணும். ஒரு தடவையாச்சும் அடியிலருந்து உச்சி வரைக்கும் ரெண்டு பேருமே காலு ஊனாம ஏறிறணும். அதுதான் ஆசை.

சமதரையில பொறந்தவுங்களுக்கு மலை ஏறிப் பழக எடம் ஏது? எங்க ஊருக் கண்மாய்க்கரைதான். தண்ணி வழியுற கலுங்குக்குப் பக்கத்துல வண்டிப்பாதை ஒண்ணு செங்குத்தா மேல போகும். சாயங்காலம் அதுல ஏறுவோம், எறங்குவோம், ஏறுவோம். மாடு பத்திக்கிட்டு வாரவுங்க நின்னு பாத்துட்டு, "என்ன டீச்சர், மேல எதையும் மறந்து வச்சுட்டு வந்துட்டீகளா?"ம்பாங்க. "ஆமா, ஒங்க புத்திய வச்சுட்டு வந்தோம், எடுக்கப் போறோம்"ம்பேன் நான். அவரு, "பாத்துப் பேசு, நாளைக்கிப் பாலு தர மாட்டாக"ன்னு மெதுவாச் சொல்லுவாரு.

அப்படிப் பேசிப் பேசித்தான் அவரு யாருன்னு எனக்குத் தெரிஞ்சது. மேல மரவள்ளிக் காட்டோரம் உக்காந்து பலாச்சொளை திங்கிறப்ப, தனியாக் கெடந்த வருசத்தையெல்லாம் சொல்லுவாரு. ரம்ஜானுக்கு ஒரு பாகிஸ்தான்காரரு சோறு குடுத்தத, மக பொறந்த சேதிய மெசினு சத்தத்துல மூணு தடவ கேட்டதச் சொன்னாரு. வீட்டுக்குள்ள வராத பேச்செல்லாம் மலையில வந்துச்சு. எனக்கு அவரு மேல ஆசை வந்ததே அப்பத்தான். சொன்னா வெக்கக்கேடு, ஆனா அதுதான் உண்மை.

பின்னால வாரவரு மூச்சு எனக்குக் கேட்டுக்கிட்டே வரும். மேடு ஏறுற மனுசனுக்கு மூச்சு வாங்காம என்ன செய்யும்? எனக்குந்தான் வாங்குச்சு. நின்னதுக்கப்புறம் என் மூச்சு அடங்கிரும், அவரு மூச்சு அடங்காது. அதையும் வயசுன்னே நெனச்சோம்.

ஒரு மார்கழியில நான் காலு ஊனாம உச்சிக்குப் போயிட்டேன். சந்தோசத்துல திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். கடைசி வளைவுல காலு ஊனிட்டாரு. கீழ போயித் திரும்ப ஏறுனாரு, மறுபடியும் ஊனுனாரு. இன்னொரு தடவையும் போனாரு. அப்புறம் சைக்கிளத் தள்ளிக்கிட்டு நடந்தே மேல வந்தாரு. ஒதடு நீலமா இருந்துச்சு. "குளுரு சாஸ்தி"ன்னாரு.

திருச்சி டாக்டரு எக்ஸ்ரே படத்த வெளிச்சத்துல காட்டுனாரு. கல்லுத் தூசி உள்ள போயி நுரையீரல் தழும்பாகிருச்சு, தழும்புல காத்து நிக்காது, அதச் சரி பண்ண மருந்து இல்ல. அம்புட்டுத்தான் சொன்னாரு. எங்களுக்காக உழைச்ச எடம் அவரு நெஞ்சுக்குள்ளயே வந்து உக்காந்துருச்சு. பஸ்ஸுல வாரப்ப அவரு ஜன்னலோரம் இருந்தாரு. "அந்தக் கடைசி வளைவு மட்டும் பாக்கி"ன்னாரு. நான் மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்டேன்.

அப்புறம் வீட்டுல ஆக்சிஜன் மெசினு வந்துச்சு. கட்டிலிலருந்து கொல்லைக்குப் போயிட்டு வந்தாலே உக்காந்துருவாரு. "இன்னும் எம்புட்டு நாளு இந்தக் கொழாய்?"ம்பாரு. "இந்த வாரந்தாங்க, அடுத்த வாரம் கொறைஞ்சிரும்"ம்பேன். என் மூஞ்சியப் பாப்பாரு. அவருக்கிட்டக் கத்துக்கிட்ட பொய்தானே, அவருக்குத் தெரியாதா?

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில, "சைக்கிள எடு, போவோம்"னாரு. எனக்குப் பொறுக்கல. "பைத்தியமா ஒங்களுக்கு? நாலடி நடக்க மாட்டீக, மலைக்குப் போறீகளாக்கும்"னு சத்தம் போட்டேன். அவரு கோவிச்சுக்கல. "மலைக்கு யாரு கூப்பிட்டா? கண்மாய்க்குத்தான். ஒரு தடவ காலு ஊனாம ஏறிட்டா எனக்குப் போதும்"னாரு. அந்தக் கொரல்ல இதுக்கு முன்ன அவரு எதையும் கேட்டதில்ல.

சைக்கிள நான் உருட்டிக்கிட்டு வந்தேன், அவரு வேப்பமரத்துக்கு வேப்பமரம் நின்னு நின்னு நடந்து வந்தாரு. கரையடியில ரொம்ப நேரம் உக்காந்துருந்துட்டு ஏறி உக்காந்தாரு, இருக்கறதுலயே சின்ன கியருக்கு மாத்துனாரு. நான் பின்னால நடந்தேன். கரையில வளைவு கெடையாது. கீழருந்து பாத்தா உச்சி தெரியுது, அதுக்கு மேல வானந்தான். அதனால அவருகிட்ட எந்தப் பொய்யும் சொல்ல வழியில்ல.

பாதி வரைக்கும் மிதிச்சாரு. அந்த முதுகு ஏறி எறங்குறதப் பாத்துக்கிட்டே நடந்தேன். அப்புறம் ஹேண்டில் பாரு இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுச்சு, சைக்கிள் நின்னே போச்சு, காலு பெடல விட்டு எறங்கப் போகுது. என் கை தானாப் போயிக் கேரியரப் புடிச்சிருச்சு. புடிச்சு, என் பலம் எல்லாத்தையும் குடுத்துத் தள்ளுனேன். அவரு காலுல பெடலு பாரமில்லாமச் சுத்துச்சு. சைக்கிள்ல ஒரு வெரல் பட்டாலே திரும்பிப் பாக்குற மனுசன் அவரு. திரும்பல.

மேல போயிட்டோம். கண்மாயி நெறஞ்சு கெடந்துச்சு. அவரு காலு பெடல்லதான் இருந்துச்சு, நான் புடிச்சிருந்ததால சைக்கிள் நின்னுச்சு. மூச்சு வரட்டும்னு காத்திருந்தோம். இப்பச் சொல்லுவாரு, தள்ளிட்டே, செல்லாது, கீழ போவோம்னு. சொல்லட்டும், சண்டை போட்டுக்கிறலாம்னு நான் தயாரா நின்னேன். சொல்லணும்னு எனக்கு அம்புட்டு ஆசையா இருந்துச்சு.

"காலு ஊனலைல?"ன்னு கேட்டாரு.

"ஊனலங்க."

"அப்ப சரி"ன்னாரு.

தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்தாரு. என் கை கேரியர்லயே இருந்துச்சு. எடுன்னு அவரு சொல்லவே இல்ல.