கிண்ணத்தில் வைத்த மீன்

அன்றைக்கு அந்த மேசையில் இருந்தவர்கள் இவர்கள். மொட்டை அடித்த சீனத்துப் பெண் துறவி ஒருவர். கடை வைத்திருக்கும் புருஷனும் பெண்சாதியும். சலூனில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். மலேசியாவிலிருந்து வந்த சீனத்து அம்மா ஒருவர், சமையல் அவர்தான். என் சைட்டில் வேலை பார்த்த சீனத் தச்சர். அவருக்குப் பக்கத்தில் நான்.

இது நடந்தது துபாயில், இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ரஷிதியா பக்கம் ஒரு பழைய வில்லா. முன் ஹாலில் புத்தர் சிலை, பின் ஹாலில் சாப்பாட்டு மேசைகள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் சாப்பாடு. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். முடிந்ததைப் பெட்டியில் போடலாம்.

நான் அங்கே எப்படிப் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நான் கம்பி கட்டுகிறவன். சைட்டில் ஒன்பதாவது மாடிக் கான்கிரீட் ஸ்லாப் வேலை ஓடிக்கொண்டிருந்தது. சீனாக்காரர்கள் பலகை அடைத்துக் கொடுப்பார்கள். அதன் மேல் நாங்கள் கம்பி விரிப்போம். அந்தத் தச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். காதில் எப்போதும் பென்சில். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. யல்லா என்றால் வா, கலாஸ் என்றால் முடிந்தது, மாஃபி என்றால் இல்லை. இந்த மூன்று அரபு வார்த்தையில் ஏழு மாதம் ஓட்டினோம்.

ஒரு வியாழக்கிழமை காலை தம்பி போன் பண்ணினான்.

"அண்ணே, அப்பா போயிட்டாருண்ணே."

"எப்ப?"

"விடியக்காலம். நீ வர்றதுக்குள்ள ஆவாதுண்ணே. வெயில் சாஸ்தியா இருக்கு, வெச்சிருக்க முடியாது. சாயங்காலமே எடுத்துடலாங்குறாங்க."

"எடுத்துடுங்க."

"கொள்ளி நான் வெக்கட்டுமா?"

"வை."

மூத்த பிள்ளை நான் வைக்க வேண்டியது. போனைப் பையில் போட்டேன். கம்பிக் கட்டின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தச்சர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து வேலையைத் தொடங்கினேன்.

மதியம் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். "வந்து பதினஞ்சு மாசம்தான் ஆவுது. லீவு மாஃபி," என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ரூமிலும் சொல்லவில்லை. எட்டுப் பேர் படுக்கும் ரூம். சொன்னால் சுற்றி உட்காருவார்கள், ஆளுக்கு ஒன்று கேட்பார்கள். பதில் சொல்லும்போது அழுகை வரும். அது எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

ஒன்று மட்டும் முடிவு செய்தேன். பதினாறாம் நாள் கருமாதி முடியும் வரை கறி, மீன், முட்டை தொடக் கூடாது. முகம் சிரைக்கக் கூடாது. ஊரில் தம்பி மொட்டை போட்டு எல்லாம் செய்கிறான். அப்பாவுக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் மிச்சம்.

எங்கள் கேம்ப் மெஸ்ஸில் அது சுலபம் இல்லை. ஒரே கரண்டி பருப்புக்கும் போகும், கோழிக்குழம்புக்கும் போகும். சைவம் வேண்டுமென்று பரிமாறுகிற கேரளாக்காரரிடம் கேட்டேன்.

"எந்தா, சன்யாசி ஆயோ?" என்று சிரித்தார். "அடுத்த மாசம் பேரு எழுதிக் கொடு. இப்ப உள்ளது இதுதான்."

சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு போய் சைட்டில் பூனைக்குக் கொட்டினேன். பக்காலா என்கிற பெட்டிக்கடையில் குப்பூஸ் ரொட்டியும் தயிரும் வாங்கித் தின்றேன். தினம் அதுதான்.

தாடி வளர்ந்தது. ரூமில் ஒருத்தன், "என்ன மாமா, இந்த வயசுல லவ் ஃபெயிலியரா?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏழாம் நாள் மதியம் பூனைக்குக் கொட்டும்போது தச்சர் வந்து பக்கத்தில் நின்றார். கோழித்துண்டைக் காட்டி, "மாஃபி?" என்றார். வேண்டாமா என்று அர்த்தம்.

"மாஃபி," என்றேன்.

என் தாடியைத் தொட்டுக் காட்டினார். ஏன் என்பது போலக் கையை விரித்தார். அவருக்கு எப்படிச் சொல்வது? வானத்தைக் காட்டினேன். "பாபா கலாஸ்," என்றேன்.

அப்பா செத்ததை அந்த ஊரில் நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அவர் தலையை ஒரு முறை ஆட்டினார். திரும்பிப் போய்ப் பலகை அடித்தார்.

மறுநாள் ஒரு துண்டுப் பலகையை எடுத்து வந்தார். அதில் பென்சிலால் படம் போட்டிருந்தார். ஒரு மொட்டைத் தலை. ஒரு கிண்ணம். ஒரு கோழி, ஒரு மீன், இரண்டின் மேலும் பெருக்கல் குறி. "ஜுமா. யல்லா," என்றார். வெள்ளிக்கிழமை, போகலாம். புரிந்தது.

இரண்டு பஸ் மாறிப் போனோம். வெளியே செருப்பை விட்டோம். அவர் ஊதுபத்தி கொளுத்திச் சிலைக்கு முன்னால் வைத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். வைத்தேன். பிறகு மேசை. நடுவில் சுழலுகிற கண்ணாடி, அதன் மேல் தட்டுகள். கீரை, காளான், பூசணி, சோயாக் கட்டி. எல்லாரும் குச்சியால் சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு ஸ்பூன் தந்தார்கள். ஒன்பது நாளில் அதுதான் முதல் சூடான சோறு. யாரும் பேசவில்லை. நானும் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

பாதிச் சாப்பாட்டில் ஒரு பெரிய தட்டு வந்தது. முழு மீன். மேலே தோல், வால், இஞ்சி கீறிப் போட்டு, குழம்பு ஊற்றி. தட்டைச் சுழற்றி என் முன்னால் நிறுத்தினார்கள். தச்சர் எழுந்து, வயிற்றுப் பக்கத்துத் துண்டைக் குச்சியால் எடுத்து, என் கிண்ணத்துச் சோற்றின் மேல் வைத்தார். சிரித்தார்.

எனக்குத் தலை சூடேறிவிட்டது. மீன் மேல் பெருக்கல் குறி போட்டுக் காட்டியவர் மீனையே வைக்கிறார். இத்தனை நாள் காத்தது ஒரு நொடியில் போனது. இதே கரண்டியில்தான் மற்றதையும் சமைத்திருப்பார்கள். அதை வேறு தின்று தொலைத்தேன். கிண்ணத்தைத் தள்ளினேன். கவிழ்ந்தது. சோறு மேசையெல்லாம் சிதறியது.

"எங்கப்பன் செத்தது உனக்கு விளையாட்டா இருக்காடா?" என்று தமிழில் கத்தினேன். அதோடு ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

வெளியே வந்து செருப்பைத் தேடினேன். ஒரு கால் செருப்புதான் கிடைத்தது. பின்னால் யாரோ வருகிற சத்தம். மலேசியா அம்மா.

"நல்லா ஏசுனீங்க தம்பி," என்றார். தமிழில்.

தேடுவதை விட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"என்னா பாக்குறீங்க? நான் எஸ்டேட்ல பொறந்தவ. சுத்தி எல்லாம் தமிழவங்கதான். நீங்க சொன்ன அந்தக் கடைசி வார்த்தையும் எனக்குத் தெரியும் லா."

கையிலிருந்த ஒற்றைச் செருப்பைக் கீழே போட்டேன்.

"அது மீன் இல்ல லா. சோயா பால் காய்ச்சுனா மேல ஏடு வரும் பாரு, அந்த ஏடு. தோலுக்குக் கடல்பாசி ஒட்டுனது. இந்த வீட்டுல முட்டைகூட நுழையாது. பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது."

"அப்புறம் எதுக்கு மீன் மாதிரி செய்றீங்க?" என்று கேட்டேன்.

"எங்க ஆளுங்களுக்கு மீன் வெச்சாதான் விருந்து. மீன் இல்லாம ஒருத்தனை உக்கார வெச்சா மதிக்கலன்னு அர்த்தம். இங்க உயிரைக் கொல்ல முடியாது. அதான் இப்படி. வாரா வாரம் செய்ய மாட்டேன், ரொம்ப வேலை. உங்களைக் கூட்டிட்டு வந்தான்ல, அவன்தான் நேத்து போன் போட்டான். கூட்டாளிக்கு அப்பா இல்ல, எட்டு நாளா ரொட்டி மட்டும் திங்குறான், மீன் வெச்சுக் குடுங்கன்னு. காலைல இருந்து நின்னு செஞ்சேன். நீங்க கொட்டிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அதுதான் தாங்க முடியவில்லை.

"உள்ள வாங்க. இன்னொன்னு காட்டணும்," என்றார்.

உள்ளே போனேன். மேசையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் தங்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள். தச்சர் மட்டும் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். மேசையில் நான் சிதறடித்த சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கித் தன் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே சோறு வீணாக்கக் கூடாது என்பது முறை. அது பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, நான் தட்டிவிட்ட சோற்றை ஒருவர் தின்கிறார் என்பது மட்டும்.

அந்த அம்மா என்னைச் சிலைக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். சுவரில் மஞ்சள் காகிதங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. செத்துப்போனவர்களின் பெயர்களாம். கடைசியில் இருந்த ஒன்றைக் காட்டினார்.

"இது உங்க அப்பாது. நேத்து போன்ல அவன் சொல்லி நான் எழுதி ஒட்டுனது. பேரு தெரியாதுல்ல? 'கம்பி வேலை பாக்குற கூட்டாளியின் தகப்பனார்'னு எழுதச் சொன்னான். சாப்பாடு முடிஞ்சதும் இதெல்லாம் படிச்சு வேண்டிக்குவோம். பேரு சொல்லுங்க, மாத்தி எழுதிடலாம்."

அப்பா பெயரைச் சொன்னேன். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்து, சீன எழுத்தில் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திரும்ப வந்து உட்கார்ந்தேன். தச்சர் பக்கம் திரும்பினேன். "சாரி," என்றேன். "மாஃபி முஷ்கில்," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். இப்படியும் ஒரு வார்த்தை அவரிடம் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு வேறு கிண்ணத்தில் சோறு வந்தது. அவர் மறுபடி மீன் எடுத்து வைக்கவில்லை. நானே தட்டைச் சுழற்றி எடுத்துக்கொண்டேன். கடல்பாசியில் கொஞ்சம் மீன் வாடை இருந்தது. கடித்தால் ஏடு ஏடாக வந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் மணி அடித்து அந்தப் பெண் துறவி ஓதினார். நீண்ட நேரம் ஓதினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் அப்பா பெயர் வந்தது. உச்சரிப்பு சரியில்லை. ஆனால் அதுதான். அப்போது எனக்கு அழுகை வந்தது. யாரும் என்னைத் தேற்றவில்லை. ஆளுக்கு ஒன்று கேட்கவும் இல்லை. அழுது முடிகிற வரை தச்சர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பதினாறு நாளும் குறையில்லாமல் முடிந்தது. பதினேழாம் நாள் காலை சிரைத்துக்கொண்டு சைட்டுக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அடுத்த மாதம் சீனாக்காரர்களை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் வேறு ஆட்கள் பலகை அடைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வெள்ளிக்கிழமை அந்த வில்லாவுக்கு நான் தனியாகப் போனேன். அவர் வரவில்லை. எங்கே போனார் என்று அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. அவர் பெயரைக் கேட்டால் சொல்லக்கூட எனக்குத் தெரியாது. அதை நான் கேட்டதே இல்லை.

பிறகு வேறு கம்பெனி, வேறு ஊர், தோஹாவிலும் கொஞ்ச காலம். எத்தனையோ ரூம், எத்தனையோ பேர். கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டேன். அவரவர் டப்பாவை அவரவர் திறந்து சாப்பிட்டோம், அவ்வளவுதான். ஒருவன் சாப்பிடாமல் இருக்கிறான் என்பதைக் கவனிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது நினைக்கிறேன். நான் வளைகுடாவில் இருந்தது பதினொரு வருஷம். அதைக் கவனித்தவர், ஒருவர்.